கொசுறும் கள்ளத் தராசும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் காய்கறி வாங்கிப் பழகியவர்களுக்குக் கொசுறு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கத்தரியும் வெண்டையும் எடை போட்டுக் கொடுத்து, காசைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டபின், விற்கும் அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நம் பைக்குள் திணிப்பார். நாம் அதைக் கேட்பதில்லை. அவரும் அதற்குக் காசு கேட்பதில்லை. வணிகத்தின் கணக்கு முடிந்த இடத்தில் மனித உறவு தொடங்குகிறது என்பதற்கு அந்தக் கறிவேப்பிலையே சான்று.

அதே மயிலாப்பூரில், அதே வீட்டுக்குள், இன்று இன்னொரு கடையும் திறந்திருக்கிறது. கைபேசியின் கண்ணாடித் திரைக்குள் அது இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. அங்கேயும் நாம் கேளாமலே நம் கூடைக்குள் சில பொருள்கள் வந்து சேர்கின்றன. பயணச்சீட்டு வாங்கப் போனால் காப்பீடு சேர்ந்திருக்கும். உணவு வாங்கப் போனால் ஏதோ ஒரு நிறுவனத்துக்கான நன்கொடை சேர்ந்திருக்கும். இந்தக் கொசுறுக்கு மட்டும் விலை உண்டு. கேளாமல் இட்ட கறிவேப்பிலை அன்பு. கேளாமல் சேர்த்துக் காசு பறிக்கும் கட்டணம் களவு. அதை வேறு எந்த மென்மையான பெயராலும் அழைக்க நாம் ஆயத்தமாக இல்லை.

சில ரூபாய்க்கு இத்தனை சினமா என்று வாசகர் கேட்கலாம். பணம் மட்டுமே போயிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது. இங்கே திருடப்படுவது நம் இசைவு. மனிதன் "ஆம்" என்றும் "இல்லை" என்றும் சொல்லும் அந்த உள்ளறைக்குள் கள்ளச் சாவி போட்டு நுழைகிறார்கள். அந்த அறை கடவுளுக்கும் மனிதனுக்கும் மட்டுமே உரியது. எனவேதான் இது நம் மறையுரைக்கும் ஒப்புரவுக்கும் உரிய பொருளாகிறது.

இருவர் கேட்டவை

நம்மை எழுதத் தூண்டியவர்கள் இருவர். ஒருவர், கணவரை இழந்து, குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி. பேரப்பிள்ளை ஒருமுறை எதையோ "இலவசமாக"ப் பார்க்க அவர் கைபேசியில் பதிவு செய்தது. அன்றிலிருந்து மாதந்தோறும் அவர் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. இத்தகைய தொடர் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாகவே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அறிவிப்பும் வந்துதான் இருந்தது: ஆங்கிலத்தில், நூறு விளம்பரங்களுக்கு நடுவே. அவர் நம்மிடம் சொன்ன சொல் நெஞ்சை அறுத்தது: "என் புத்திக் குறைவு, ஃபாதர்." ஏமாற்றியவர் நிம்மதியாக இருக்க, ஏமாந்தவர் வெட்கப்படுகிறார்.

மற்றவர், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஒன்றில் இணையப் பக்கங்களை வடிவமைக்கும் நம் இளைஞர். "வேண்டாம்" என்னும் பொத்தானை வெளிறிய சாம்பல் நிறத்தில், கண்ணுக்குப் படாதபடி வைக்குமாறு மேலிடத்திலிருந்து ஆணை; வைத்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நம்மை நிறுத்தி, "ஃபாதர், இது பாவக் கணக்கில் சேருமா?" என்றார். அன்று ஏதோ பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். அன்று சொல்லத் தவறிய விடை இது.

மனத்தை அளந்தவர்கள்

மனித மனத்தின் பலவீனங்களைப் பற்றிய அறிவு தானே தீயதன்று. நல்ல ஆன்மகுரு ஒவ்வொருவரும் அதைக் கற்றவரே. கடந்த அரை நூற்றாண்டில் உளவியலார் அதைச் சோதனைகளால் நுணுகி ஆராய்ந்தனர். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் கைநழுவும் வலி மனிதனுக்குப் பெரிது என்று காட்டியது. ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய நூல், அரிதானதை நாம் விரும்புவதையும், பலர் செய்வதை நாமும் செய்ய முனைவதையும் எடுத்துரைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக், கணினியே மனிதனை இணங்கவைக்கும் கருவியாக முடியும் என்பதை 2003இல் நூலாக்கினார். டொனால்டு நார்மன் 2004இல், பொருளின் வடிவம் அறிவைத் தொடுமுன் உணர்ச்சியைத் தொடுகிறது என்று விளக்கினார். அவர்கள் ஏமாற்றுக் கலையைக் கற்பிக்க எழுதவில்லை. மருத்துவன் நரம்பைக் கற்பது குணமாக்க. அதே நரம்பை அறிந்து குத்துபவனும் உண்டு.

அந்தக் குத்து எவ்வாறு நிகழ்கிறது? இழப்பின் வலி பெரிது என்று கண்டவுடன் திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது: "இன்னும் பத்து நிமிடத்தில் இவ்விலை முடிகிறது." அரிதானதை விரும்புவோம் என்று அறிந்தவுடன், "இரண்டே அறைகள் மீதம்" என்ற செய்தி வந்தது. பலர் வழி செல்வோம் என்று தெரிந்தவுடன், "முப்பது பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதே கடிகாரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு விதமாக வடிவமைத்து, வருவோரில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மறுபாதிக்கு மற்றதையும் காட்டுவார்கள். எதில் மிகுதியானோர் காசு கொடுத்தார்களோ அது நிலைக்கும், மற்றது நீக்கப்படும். இச்சோதனை ஓயாது நடக்கிறது. "இவர்களை ஏமாற்று" என்று யாரும் வாய்திறந்து ஆணையிட வேண்டியதில்லை; எண்களே மிகத் திறமையான வஞ்சகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டின் சுற்றுமடலில் "பாவக் கட்டமைப்புகள்" என்று சொன்னாரே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? தனி ஒருவர் கை கறைபடாதது போலத் தோன்றும்; விளைந்திருப்பதோ அநீதி.

தியாகராய நகர் செய்யாததா?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். "ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் இல்லாத வித்தையா? ஆடித் தள்ளுபடியும், நூறுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் போடும் விலையும், குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்து ஐம்பது சேலைகளை விரித்துப் போடுவதும் மனத்தை வளைக்கும் உத்திகள்தாமே?"

ஆம், உத்திகளே. தியாகராய நகர் வணிகருக்கு நாம் புனிதர் பட்டம் கொடுக்க வரவில்லை. ஆயினும் மூன்று வேறுபாடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, அங்கே வாயில் திறந்திருக்கிறது. ஐம்பது சேலை விரித்தபின்னும் "பிறகு வருகிறோம்" என்று எழுந்து வரலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவே. இரண்டாவது, அங்கே எல்லாரும் பார்க்க ஒரே கடை. விளம்பரப் பலகை பொய் சொன்னால் தெருவே அறியும். திரையிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கடை. நமக்குக் காட்டியதை அண்டை வீட்டார் காணமாட்டார். மூன்றாவது, சேலைக் கடைக்காரர் நம்மைப் பார்க்கும்போது நாமும் அவரைப் பார்க்கிறோம். திரைக்குப் பின்னிருப்பவரோ நேற்றிரவு எந்நேரம் விழித்திருந்தோம், எதை நெடுநேரம் பார்த்தோம், எதைத் தொட்டுப் பின்வாங்கினோம் என்பதையெல்லாம் அறிவார். அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

தமிழருக்கு வணிக அறம் புதிதன்று. கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் நாணிய காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். விவிலியமும் அதையே வேறு குரலில் முழங்குகிறது. படிக்கல்லும் மரக்காலும் நேர்மையாக இருக்கட்டும் என்கிறது லேவியர் நூல். ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத் தராசால் ஏழையை எப்போது வஞ்சிக்கலாம் என்று காத்திருந்த வணிகரை ஆமோசு இறைவாக்கினர் சாடினார். இக்காலக் கள்ளத் தராசில் எடைக்கற்கள் சரியாகவே இருக்கும். "ஆம்" என்பது பளிச்சென்ற பச்சையிலும் "இல்லை" என்பது மங்கிய சாம்பலிலும் இருக்கும். முள் ஒரு பக்கமாகவே சாயும்.

சட்டம் கண்டுகொண்டது

இவையெல்லாம் ஒரு பாதிரியாரின் மிகையச்சம் என்று தள்ளிவிட முடியாது. இவ்வகை வஞ்சகங்களுக்கு "டார்க் பேட்டர்ன்", அதாவது இருள் உத்தி, என்ற பெயரை ஹாரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் 2010இல் சூட்டினார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம், கேளாமல் கூடையில் சேர்த்தல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல், சந்தாப் பொறி, ஓயாத நச்சரிப்பு, குழப்பும் வினா ஆகியவை அவற்றுள் சில. இந்திய விளம்பரத் தர மன்றம் ஒரு வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையிட்ட 53 முன்னணிச் செயலிகளில் 52இல் ஏதேனும் ஓர் இருள் உத்தியாவது இருந்தது.

பட்டியலில் ஒன்றை நாம் தனியே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்: மறுப்பவரை வெட்கப்படுத்துதல். விமானப் பயணச்சீட்டோடு காப்பீடு வேண்டாமென்றால், "நான் பாதுகாப்பின்றியே இருப்பேன்" என்ற வாசகத்தை அழுத்தச் செய்வதை அந்நெறிகளே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. மனிதன் தன் வாயாலேயே தன்னை மூடன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம்! அந்த மூதாட்டியின் "என் புத்திக் குறைவு" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கடல் கடந்தும் இதே கதைதான். அமேசான் நிறுவனத்தின் பிரைம் சந்தாவை விட்டு விலகும் வழி வேண்டுமென்றே நீண்டதாக அமைக்கப்பட்டது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்துக்குள் அவ்வழிக்கு "இலியட்" என்று பெயர் வழங்கியதாம். பல்லாயிரம் அடிகளில் நீளும் ஹோமரின் போர்க் காவியம் அது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர இசைந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. உள்ளே வர ஓர் அழுத்தல், வெளியே போக ஒரு காவியம்!

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பார் உளர். சட்டம் வேண்டும், அதை வரவேற்கிறோம். ஆனால் 13 வகைகளை எழுதி முடிக்கும்போது பதினான்காவதை ஒருவர் வரைந்துகொண்டிருப்பார். அந்த வரையும் கையைத் தடுப்பது மனச்சான்று ஒன்றே. அந்தக் கை பல வேளைகளில் நம் பங்குப் பிள்ளையின் கை.

கதவைத் திறந்து வைத்தவர்

"யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விருப்பமிருந்தால் வாங்குகிறார்கள்" என்பதே கடைசி வாதம். இதற்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே விடை அளித்துவிட்டது. "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் கொள்கைத் திரட்டு, மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் தூயகம் என்கிறது. குருட்டு உந்துதலாலோ வெளி அழுத்தத்தாலோ அன்றி, அறிந்து தெரிந்து செயல்படுவதையே மனித மாண்பு கோருகிறது என்றும் கற்பிக்கிறது. குருட்டு உந்துதலை எழுப்புவதையே தொழிலாக்கிவிட்டு, "அவரே விரும்பினார்" என்று கைகழுவுவது பிலாத்துவின் நீதி. விளம்பரத்தின் அறநெறி பற்றி 1997இல் திருப்பீடம் வெளியிட்ட ஏடும் உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் உரைகல்லாக வைத்தது. இயேசுவின் திரு இதயத்தைப் பற்றி 2024இல் எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், கணிப்பொறி நிரல்களால் நம் எண்ணங்களையும் விருப்பங்களையும் எவ்வளவு எளிதாக முன்கூட்டிக் கணித்து வளைக்க முடிகிறது என்று சுட்டி, இதயத்தை அவ்வாறு கணிக்க இயலாது என்றார்.

இறைவனும் நம் இசைவை நாடுபவரே. அவர் அதை எவ்வாறு நாடினார் என்று பாருங்கள். செல்வரான ஒருவர் வந்து நிலைவாழ்வுக்கு வழி கேட்டார். இயேசு அவரை அன்பொழுக நோக்கினார். முழு விலையையும் முதலிலேயே சொன்னார். அவர் முகவாட்டத்தோடு திரும்பிப் போனார். இயேசு பின்னால் ஓடி விலையைக் குறைக்கவில்லை. கப்பர்நாகுமில் பலர் விலகிச் சென்றபோது, எஞ்சிய பன்னிருவரிடமும் நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்டார். வெளியேறும் கதவைத் தம் கையாலேயே திறந்து காட்டினார்.

நம் சாந்தோம் மண்ணுக்குரிய திருத்தூதர் தோமாவை மறக்கலாமா? தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் அவர். எட்டு நாள்கள் கடந்து வந்த ஆண்டவர், ஐயுற்றவரை அவையிலிருந்து தள்ளிவிடாமல் தம் காயங்களையே அவருக்குத் திறந்து வைத்தார். அதே தோமாவின் கல்லறையருகே 1545இல் புனித பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் தங்கினார். கீழ்த்திசைத் தீவுகளுக்குச் செல்வதா என்பதை அங்கே செபத்தில் தேர்ந்து தெளிந்தபின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். மனக்கலக்க வேளையில் எம்முடிவையும் மாற்றாதே என்பது அவருடைய ஆன்மகுரு புனித இஞ்ஞாசியார் வகுத்த விதி. நல்ல ஆவி அவகாசம் தரும். கெட்ட ஆவி அவசரப்படுத்தும். உலகின் மறுபாதிக்கு நற்செய்தி சுமக்க முடிவெடுக்க மாதங்கள் எடுத்துக்கொண்டார் ஒரு புனிதர். ஒரு காலணி வாங்க நமக்குப் பத்து நிமிடம் கெடு விதிக்கிறார்கள்.

நம் வீட்டிலும் விளக்கேற்றுவோம்

பிறரைச் சாடும் கோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். "இச்செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லையேல் தீங்கு வரும்" என்ற செய்திகளை நம் மக்களே கைபேசியில் பரப்புகிறார்கள். மறுப்பவரை அச்சுறுத்துவதில் அது எந்த வணிகனுக்கும் சளைத்ததன்று. கட்டட நிதி கொடுத்தோர் பெயரைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசித்து, கொடாதவரைத் தலைகுனியச் செய்யும் வழக்கம் நம் பங்குகளில் இல்லையா? வாசித்த குற்றம் நமக்கும் உண்டு. விருப்பமின்றிப் பிடுங்கிய காணிக்கை பீடத்தில் வைத்தாலும் காணிக்கையாகாது.

இனிச் செய்ய வேண்டியவை எளியவை. திரையில் கடிகாரம் ஓடினால் கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள்; ஓர் இரவு கழித்தும் அப்பொருள் தேவையென்றால் வாங்குங்கள். மயிலையிலும் அடையாற்றிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்! பங்கு இளையோர் மாதம் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து, வங்கிக் கணக்கில் அறியாமல் போகும் தொகைகளைக் கண்டு நிறுத்திக் கொடுக்கட்டும்; இதுவும் இரக்கச் செயலே. ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். எதிரி மறைவையே விரும்புகிறான், வெளிப்பட்டால் தோற்கிறான் என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதே.

இனி அந்த இளைஞருக்கு. தம்பி, அன்று நீ கேட்டாய், இன்று சொல்கிறோம். ஆம், அது ஏழாம் கட்டளையைத் தொடுகிறது. எட்டாம் கட்டளையையும் தொடுகிறது. ஆணையிட்டவரின் பொறுப்பு பெரிது. உன் பொறுப்பு சிறிதாயினும் இல்லாமற் போகவில்லை. வேலையை விட்டுவிடு என்று நாம் எளிதாகச் சொல்லமாட்டோம். உன் தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் அந்த ஊதியத்தில் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை உங்கள் கூட்டத்தில் ஒருமுறையேனும் வாய்திற. "வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும், நாட்டின் நெறிமுறையும் அதையே சொல்கிறது" என்று சொல். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கச் சொன்ன மலைப்பொழிவுக்கு, உன் மேசையில் நீ எழுதக்கூடிய உரை அதுவே. உன் சொல் ஏற்கப்படாமல் போகலாம். சொல்லப்படாமல் போகக் கூடாது.

நீ வடிவமைக்கும் திரையின் மறுபுறத்தில், ஓய்வூதியக் கணக்கோடு ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். மாட வீதியில் காய் வாங்கும்போது அவர் பையைச் சோதிப்பதில்லை. கேளாமல் விழுந்தது கறிவேப்பிலைதான் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையோடுதான் உன் திரையையும் தொடுகிறார்.